அடைப்பானும் வெக்கையும்: கொங்கு வட்டாரக் கால்நடை நோய்ப்பெயர்களின் வழியே தொற்றும் உடற்காப்பும்

ஆய்வுச்சுருக்கம்

நுண்ணுயிர்கள் உடலுள் புகுந்து நோயை உண்டாக்கும் முறையையும், உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையையும் சத்தியமங்கலம் வட்டாரத்தில் வழங்கும் கால்நடை நோய்ப்பெயர்களை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை, துள்ளுமாரி, வெக்கை, கோமாரி ஆகிய பெயர்கள் நோய்க் காரணியைச் சுட்டுவன அல்ல. நோயுற்ற உடலில் கண்ணுக்குப் புலப்படும் மாற்றத்தைச் சுட்டுவன. அம்மாற்றங்களுட் பல உடற்காப்பின் வெளிப்பாடுகளே என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரே பெயர் இருவேறு உயிரிகளைக் குறிக்கும்போது விளையும் இடரும் ஆராயப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: அடைப்பான், தொற்று, நோயெதிர்ப்பாற்றல், நோய்ப்பெயர்கள், சத்தியமங்கலம், கால்நடை வளர்ப்பு

முன்னுரை

ஈரோடு மாவட்டத்தின் வடமேற்கில் அமைந்த சத்தியமங்கலம் வட்டாரம், சமவெளியும் மலையும் கைகோக்கும் நிலப்பரப்பு. பண்ணாரி மாரியம்மன் கோயிலைக் கடந்ததும் தொடங்கும் திம்பம் மலைப்பாதை 27 கொண்டையூசி வளைவுகளுடன் ஆசனூர், தாளவாடி மேட்டுநிலங்களுக்கு ஏறுகிறது. பாதையின் இருமருங்கும் 2013ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற காடு. கீழே பவானி ஆற்றுப் பாசன வயல்கள். சற்றுத் தெற்கே புன்செய்ப் புளியம்பட்டியின் மாட்டுச் சந்தை. கிழக்கே அந்தியூர் மலைமேல் பர்கூர் மாடுகளின் பட்டிகள். மாடு, ஆடு, மான், யானை ஆகியவை ஒரே புல்லையும் ஒரே நீரையும் பகிர்ந்துகொள்ளும் நிலம் இது. பகிரப்படுபவை புல்லும் நீரும் மட்டுமல்ல.

தொற்றுநோய் குறித்த தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் மனித உடலையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. கால்நடை நோய்களைத் தேர்ந்துகொண்டமைக்கு இங்குக் காரணங்கள் இரண்டு. நுண்ணுயிரியலின் அடிப்படைக் கண்டுபிடிப்புகள் பல கால்நடை நோய்களிலிருந்தே பிறந்தன என்பது ஒன்று. இந்நோய்களுக்குக் கடன்சொல் தேவைப்படாத அளவிற்குத் தமிழில் செறிவான பெயர்த்தொகுதி உள்ளது என்பது மற்றொன்று. அப்பெயர்த்தொகுதியை அறிவியலறியாமையின் எச்சமாகக் கருதி ஒதுக்குவதும், முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் எனப் போற்றுவதும் ஆய்வுக்கு உதவா. அப்பெயர்கள் எதைக் கண்டன, எதைக் காணவில்லை என்பதே கேட்கத்தக்க வினா.

பெயர்கள் சுட்டுவது எதனை

'அடைப்பான்' என்பது அடைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். மூச்சும் உயிரும் திடீரென அடைபட்டாற்போல விலங்கு வீழ்வதைக் குறிப்பது. 'சப்பை' தொடையின் மேற்பகுதியையும் இடுப்பையும் குறிக்கும் உறுப்புப்பெயர். அங்கே வீங்குவதால் நோய்க்கும் அதுவே பெயராயிற்று. 'துள்ளுமாரி' ஆடு துள்ளி விழுந்து சாவதைக் காட்டுகிறது. 'வெக்கை' என்பது வெப்பம். 'கோமாரி' பசுவைக் குறிக்கும் 'கோ' என்னும் சொல்லோடு 'மாரி' சேர்ந்தது; 'காணை' என்ற பெயரும் அந்நோய்க்கு உண்டு.

இவற்றுள் எதுவும் காரணியின் பெயரன்று. வெக்கை, வீக்கம், மூச்சடைப்பு ஆகியவை நோயின் குறிகள் எனப் பொதுவாகக் கூறினாலும், அவற்றை உண்டாக்குவது நுண்ணுயிர் மட்டுமன்று. காய்ச்சலை உண்டாக்குவது நோயுற்ற உடலே. வெள்ளணுக்கள் வெளியிடும் செய்திப்புரதங்கள் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியை எட்டி, உடல்வெப்பத்தின் இலக்கை உயர்த்துகின்றன. நலமான மாட்டின் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். கடுந்தொற்றில் அது 41 பாகையையும் தாண்டும். வெப்பம் மிகும்போது பல நுண்ணுயிர்களின் பெருக்கம் தளர்கிறது. வெள்ளணுக்களின் இயக்கம் விரைவுபெறுகிறது. வீக்கமும் அவ்வாறே. தொற்றிய இடத்தில் நுண்குழாய்கள் விரிந்து, சுவர் நெகிழ்ந்து, நீரும் புரதமும் வெள்ளணுக்களும் திசுவுக்குள் கசிவதால் அது தோன்றுகிறது. 'வெக்கை' எனப் பெயரிட்டவர் பகையைக் காணவில்லை. பகையோடு உடல் பொருதுவதைக் கண்டார்.

அடைப்பான்: மண்ணிலிருந்து குருதிக்கு

அடைப்பானை உண்டாக்குவது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்னும் கோல்வடிவப் பாக்டீரியா. இதன் வாழ்க்கைச் சுழலை 1876ஆம் ஆண்டு இராபர்ட் கோக் வெளியிட்டார். அப்போது அவர் ஊர்ப்புற மருத்துவர். பெரிய ஆய்வகம் எதுவும் அவரிடம் இல்லை. எருதின் கண்ணிலிருந்து எடுத்த நீர்மத்துளியில் இக்கோல்களை வளர்த்து, அவை நீண்ட இழைகளாகிப் பின் இழைக்குள் ஒளிரும் மணிகள் போன்ற வித்துகளை உண்டாக்குவதை உருப்பெருக்கியின் கீழ்க் கண்டார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரே காரணம் என்னும் கொள்கை உறுதிபெற்றதில் இந்நோய்க்குத் தனியிடம் உண்டு.

அந்த மணிகளே ஸ்போர் எனப்படும் உறைவித்துகள். நோயின் வரலாறு முழுவதும் அவற்றுள் அடங்கியிருக்கிறது. உணவும் ஈரமும் குன்றிக் காற்றுப்படும் நிலையில் பாக்டீரியா தன் மரபுப்பொருளைத் தடித்த உறைகளுக்குள் பொதிந்து, உயிர்ச்செயல்களை நிறுத்திவிடுகிறது. வெயில், வறட்சி, பல வேதிப்பொருள்கள் ஆகியவற்றைத் தாங்கி, மண்ணில் பல பத்தாண்டுகள் அவ்வித்து கிடக்கும். 1942ஆம் ஆண்டு பிரிட்டன் அரசு போர்க்கருவி ஆய்வுக்காக ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் அடைப்பான் வித்துகளைத் தூவியது. 1986ஆம் ஆண்டு ஃபார்மால்டிஹைடு கரைசலால் நிலத்தை நனைத்துத் தூய்மைப்படுத்தி, 1990ஆம் ஆண்டில்தான் அத்தீவைத் தீங்கற்றதென அறிவிக்க இயன்றது.

வறட்சியில் புல் அடிவரை மேயப்படும். கடிக்கும் வாயோடு மண்ணும் செல்லும். முரட்டுத் தண்டும் முள்ளும் வாயின் உட்புறத்தைக் கீறும். மழை வந்து நீரோட்டம் வித்துகளைத் தாழ்வான இடங்களில் சேர்க்கும். இந்நோய் பெரும்பாலும் வறட்சியை அடுத்த மழைக்காலத்தில் தலைகாட்டுவதன் பின்புலம் இதுவே.

உடலுள் புகும் வித்தை முதலில் எதிர்கொள்பவை பெருவிழுங்கணுக்கள். அயற்பொருளை விழுங்கிச் செரிப்பதே இவற்றின் பணி. விழுங்கணுக்களின் செயலை 1882ஆம் ஆண்டு மெசினா நகரில் நட்சத்திரமீன் இளவுயிரியின் உடலில் முள் குத்திக் கண்டறிந்த மெச்னிகாவ், அடைப்பான் கோல்களை வைத்தும் பின்னர் ஆராய்ந்தார். ஆயின் இங்குக் காப்பாளனே ஊர்தியாகிவிடுகிறான். விழுங்கப்பட்ட வித்துகள் யாவும் அழிவதில்லை. எஞ்சியவை அணுவினுள்ளேயே முளைக்கின்றன. அணு அவற்றைச் சுமந்துகொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சை அடைகிறது. பகையின் மாதிரியை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுசேர்ப்பது உடற்காப்பின் இயல்பான ஒழுங்கு. அந்த ஒழுங்கையே இப்பாக்டீரியா தன் பயணத்துக்குப் பயன்கொள்கிறது.

முளைத்த கோலுக்குக் கருவிகள் இரண்டு. முதலாவது புறவுறை. இது குளூட்டாமிக் அமிலத்தின் அரிய வடிவமான டி-வடிவத்தால் ஆனது; உடலின் நொதிகளால் எளிதில் சிதைக்க இயலாதது; விழுங்கணுக்களின் பிடிக்கு வழுக்குவது. இரண்டாவது நஞ்சு. இந்நஞ்சு மூன்று புரதங்களின் கூட்டு. ஒன்று உடலணுவின் மேற்பரப்பைப் பற்றி வாயில் அமைக்கிறது. அவ்வாயில் வழியே மற்ற இரண்டும் உள்ளே செல்கின்றன. அவற்றுள் ஒன்று அணுவுக்குள் சுழல் ஏஎம்பி என்னும் செய்திப்பொருளை அளவின்றிப் பெருக்க, நீர்ச்சமநிலை குலைந்து வீக்கம் உண்டாகிறது. மற்றது அணுவின் செய்தித்தொடரில் உள்ள புரதங்களைத் துண்டித்துவிட, வெள்ளணு அபாயச் செய்தியை அறியவோ அறிவிக்கவோ இயலாததாகிறது. உறைக்கும் நஞ்சுக்கும் உரிய மரபணுக்கள் இருவேறு பிளாஸ்மிடுகளில் உள்ளன. தடுப்பூசியின் வரலாற்றில் இச்செய்தி பெரும்பங்கு வகித்தது. அது பின்னர்க் கூறப்பெறும்.

முடிவில் கோல்கள் குருதியெங்கும் நிறைகின்றன. சாகும் தறுவாயில் ஒரு மில்லிலிட்டர் குருதியில் கோடிக்கணக்கில் அவை இருக்கும். மண்ணீரல் பெரிதும் வீங்கிக் கருக்கும். குருதி உறையாது, மூக்கு, வாய், குதம் வழியே கருமையாக வடியும். வயிறு விரைவில் உப்பும், பிணவிறைப்பு முழுமையடையாது. காலையில் மேய்ச்சலுக்குச் சென்ற மாடு மாலைக்குள் இறந்துகிடப்பது இந்நோயில் இயல்பு.

உடலின் காலக்கணக்கு

இவ்வளவு விரைவில் விலங்கு ஏன் தோற்கிறது என்னும் வினாவுக்கு விடை காலத்தில் உள்ளது. உடற்காப்பு இருவேறு வேகங்களில் இயங்குகிறது. தோல், சளிப்படலம், உமிழ்நீர், இரைப்பை அமிலம், விழுங்கணுக்கள், குருதியின் நிரப்புப் புரதங்கள் ஆகியவை பிறவிக்காப்பு. இவை நிமிடங்களிலும் மணிகளிலும் செயற்படும். ஆனால் முன்பு கண்ட பகையையும் புதியதையும் பிரித்தறியா. மற்றொன்று ஈட்டிய காப்பு. நிணநீர் முடிச்சுகளில் காத்திருக்கும் பல்லாயிரம் வகைப் பி அணுக்கள், டி அணுக்கள் ஆகியவற்றுள், வந்த பகைக்கு ஒத்துவரும் சிலவே தெரிந்தெடுக்கப்பெற்று, பெருகி, எதிர்ப்பொருள்களை உருவாக்க வேண்டும். முதல் சந்திப்பில் இதற்கு ஒரு வாரம், சிலபோது அதற்கு மேலும் ஆகும். அடைப்பான் ஓரிரு நாளில் தன் வேலையை முடித்துவிடுகிறது. உடல் வலிமையற்றதாக இருந்து தோற்பதில்லை; பயிற்சி முடிவதற்குள் போர் முடிந்துவிடுகிறது.

தடுப்பூசி அந்தப் பயிற்சியை முன்கூட்டியே அளிப்பது. இலூயி பாஸ்டர் 1881ஆம் ஆண்டு பிரான்சின் பூயி-லெ-ஃபோர் என்னும் ஊரில் பலர் முன்னிலையில் ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் அடைப்பான் தடுப்பூசியிட்டு அதன் பயனை மெய்ப்பித்தார். இன்று உலகெங்கும் கால்நடைகளுக்கு இடப்படுவது, தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் 1930களில் தனித்தெடுத்த 34எஃப்2 என்னும் குலவகை. இது புறவுறைக்குரிய பிளாஸ்மிடை இழந்தது. ஆகவே விழுங்கணுக்களிடம் தப்பாது. எனினும் நஞ்சுப் புரதங்களைச் சிறிதளவு உண்டாக்கி, அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உடலுக்குக் கற்பிக்கும். இது உயிருள்ள வித்துத் தடுப்பூசி ஆதலின், ஊசியிடும் நாள்களில் விலங்குக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் தடுப்பூசியே அழிந்து பயனற்றுப்போகும். தமிழ்நாட்டில் 1932ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் இத்தகைய தடுப்பூசிகளை உருவாக்கி வழங்குகிறது.

ஈட்டிய காப்பைத் தாய் தன் கன்றுக்குக் கொடுக்கும் வழி ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்பொருள்களைக் கருப்பையிலேயே பெறுகிறது. மாட்டின் நச்சுக்கொடி அமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. கன்று ஏறத்தாழ வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலே அதன் முதல் கவசம். கன்றின் குடல் அப்பெரும்புரதங்களைச் சிதைக்காமல் உறிஞ்சும் ஆற்றலைப் பிறந்த முதல் நாளுக்குள் இழந்துவிடுகிறது. சீம்பாலைக் கருப்பட்டியிட்டுக் காய்ச்சி உண்பதும் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் நம் ஊர்களில் மகிழ்ச்சியான வழக்கம். கன்றுக்குப் போக எஞ்சியதைக் காய்ச்சுவதா, காய்ச்சியது போக எஞ்சியதைக் கன்றுக்கு விடுவதா என்பதில்தான் நோயெதிர்ப்பின் கணக்கு மாறுபடுகிறது.

தொண்டை அடைப்பான்: ஒரு பெயர், இரு உயிரிகள்

மழைக்காலத்தில் இவ்வட்டார மாடுகளையும் எருமைகளையும் தாக்கும் மற்றொரு நோய் தொண்டை அடைப்பான். கடுங்காய்ச்சல், வாயில் எச்சில் ஒழுகல், கீழ்த்தாடை தொடங்கி மார்பு வரை வீக்கம், கரகரத்த மூச்சு, ஓரிரு நாளில் சாவு. புறத்தோற்றத்தில் அடைப்பானுக்கு மிக நெருங்கியது. பெயரும் ஓர் அடைமொழியால் மட்டுமே வேறுபடுகிறது. காரணியோ முற்றிலும் வேறு: பாஸ்டுரெல்லா மல்டோசிடா.

இவ்வுயிரி வித்து உண்டாக்குவதில்லை. மண்ணில் நெடுங்காலம் நிலைப்பதுமில்லை. அது தங்குமிடம் நலமாகத் தோன்றும் மாடுகளின் தொண்டையே. நோய் வெளிப்படாமல் சில விலங்குகள் அதைச் சுமந்து திரிகின்றன. மழையில் நனைதல், தீவனக்குறை, உழவுச்சுமை, வண்டியில் அடைத்துச் சந்தைக்கு நெடுந்தொலைவு கொண்டுசெல்லுதல் ஆகியவற்றால் விலங்கின் காப்பு தளரும்போது அது பெருகிப் பிறவற்றுக்கும் பரவுகிறது. தொற்று என்பது நுண்ணுயிர் உடலுள் இருப்பது மட்டுமன்று என்பதற்கு இது தக்க சான்று. இருந்தும் நோயில்லாத நிலை உண்டு. இருப்பிலிருந்து நோய்க்குச் செல்லும் வாயிலில் நிற்பது உடலின் காப்பு.

சாவுக்குக் காரணமாவதும் வேறுபடுகிறது. இப்பாக்டீரியாவின் புறச்சுவரில் உள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருள், அகநஞ்சு எனப்படுவது, விழுங்கணுக்களைப் பெருமளவில் தூண்டுகிறது. ஓரிடத்தில் நிகழ வேண்டிய எதிர்வினை உடல்முழுதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்து, குருதிக்குழாய்கள் கசிந்து, குருதியழுத்தம் வீழ்ந்து, விலங்கு இறக்கிறது. அடைப்பானில் காப்பு ஊமையாக்கப்படுகிறது. தொண்டை அடைப்பானிலோ அது கட்டுமீறுகிறது.

இவ்வேறுபாடு ஆய்வகத்தோடு நிற்பதன்று. தொண்டை அடைப்பானில் இறந்த மாட்டைக் கால்நடை மருத்துவர் அறுத்து ஆய்வு செய்யலாம். அடைப்பானில் இறந்ததை அறுக்கவே கூடாது. அறுக்கப்படாத சடலத்தின் உள்ளே காற்று இல்லை. கோல்கள் வித்தாக மாற இயலாது. அழுகலை உண்டாக்கும் பிற பாக்டீரியாக்களின் போட்டியில் சில நாள்களில் அவை மடிகின்றன. தோலுக்காகவோ இறைச்சிக்காகவோ வயிற்றைக் கிழித்த கணத்தில் காற்று புகுகிறது. சிந்திய குருதியில் கோடிக்கணக்கான வித்துகள் உருவாகி, அந்த இடம் பல பத்தாண்டுகளுக்கு நோய்நிலமாகிறது. அறுத்தவரின் கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும். சில நாள்களில் வலியற்ற கொப்புளம் தோன்றி, நடுவில் கரிய பொருக்குக் கட்டும். கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஆந்த்ராக்ஸ் என்னும் பெயர் வந்தது. உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும்; வலியில்லாமையால் பலர் காலந்தாழ்த்துவதே கேடு. 'அடைப்பானில் செத்தது' என்ற ஒரே தொடர், அறுக்கத்தக்க சடலத்தையும் தொடவும் தகாத சடலத்தையும் ஒருங்கே குறிப்பது சொல்லாய்வாளர் கவலைகொள்ளத்தக்க நிலை.

சப்பையும் துள்ளுமாரியும்

இவ்விரண்டும் கிளாஸ்டிரிடியம் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த, காற்றை வெறுக்கும் பாக்டீரியாக்களால் வருபவை. சப்பை நோயில் தீவனத்தோடு சென்ற வித்துகள் தசையில் உறங்கிக் கிடக்கின்றன. அடிபட்டோ நெரிந்தோ தசையின் ஒரு பகுதிக்கு உயிர்வளி குன்றும்போது அவை முளைத்து, நஞ்சையும் வளிமத்தையும் உண்டாக்குகின்றன. வீங்கிய சப்பையை அழுத்தினால் நறநறவென ஒலிக்கும். துள்ளுமாரியின் உயிரி ஆட்டின் குடலில் இயல்பாகவே சிறிதளவு வாழ்வது. மழைக்குப் பின் தளிர்த்த புதுப்புல்லையோ தானியத்தையோ ஆடு மிகுதியாகத் தின்னும்போது, செரிக்காத மாவுப்பொருள் கிடைத்து அது கட்டின்றிப் பெருகுகிறது. அதன் நஞ்சு மூளையின் குருதிக்குழாய்களைத் தாக்க, ஆடு துள்ளி விழுகிறது. இரண்டிலும் முதலில் சாவது மந்தையின் கொழுத்த இளவிலங்கு. நோஞ்சானுக்கே நோய் வரும் என்னும் பொதுநம்பிக்கை இங்குப் பொய்க்கிறது.

வெக்கை, கோமாரி: நினைவின் எல்லை

வெக்கை நோய் இன்று உலகில் இல்லை. பெரியம்மைக்கு அடுத்து முற்றாக ஒழிக்கப்பெற்ற இரண்டாவது தொற்றுநோய் இது. 2011ஆம் ஆண்டு அவ்வறிவிப்பு வெளியாயிற்று. இந்தியா 2006ஆம் ஆண்டே இந்நோயற்ற நாடாக ஏற்கப்பெற்றது. அதற்கு முந்தைய வரலாறு கொடியது. 1889ஆம் ஆண்டு புனேயில் தொடங்கப்பெற்றுப் பின் முக்தேசுவரத்துக்கு மாற்றப்பெற்ற ஆய்வகம், இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், தோன்றியதற்கே இந்நோயின் அழிவு முதன்மைக் காரணம். 1954ஆம் ஆண்டு தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1968ஆம் ஆண்டு முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டெருதுகள் இந்நோயால் பெருமளவில் மாண்டன; பட்டியின் நோய் காட்டின் நோயானது.

இதை ஒழிக்க இயன்றபோது கோமாரியை இன்னும் ஒழிக்க இயலாமை ஏன்? இரண்டும் தீநுண்மிகளால் வருபவை. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. வேறுபாடு நோயெதிர்ப்பு நினைவில் உள்ளது. வெக்கைத் தீநுண்மி வெள்ளணுக்களையே தாக்கும் கொடியதாயினும், அதன் புறத்தோற்றம் ஒன்றே. பிழைத்த மாட்டின் நினைவணுக்கள் வாழ்நாள் முழுதும் அதை அடையாளம் காணும். கோமாரித் தீநுண்மியோ பல வகையினது. இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிராகப் பெற்ற காப்பு மற்றொன்றுக்கு உதவாது. ஒரே வகையிலும் அதன் மரபுப்பொருள் விரைந்து மாறுகிறது. தடுப்பூசி தரும் காப்போ சில மாதங்களே நீடிக்கிறது. ஆகவேதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி வேண்டியிருக்கிறது. நலமடைந்த மாடுகளின் தொண்டையில் தீநுண்மி மாதக்கணக்கில் தங்குவதும் உண்டு. விலங்குகளில் முதன்முதலாகக் கண்டறியப்பெற்ற தீநுண்மி இதுவே. 1898ஆம் ஆண்டு லோஃப்லரும் ஃபிராஷும் பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் இது கடந்துசெல்வதைக் காட்டினர்.

அண்மையில் வந்த தோல் கழலை நோய் நினைவின் மற்றொரு பண்பைக் காட்டியது. 2019ஆம் ஆண்டு ஒடிசாவில் முதலில் அறியப்பெற்ற இந்நோய் பின் தமிழகத்துக்கும் பரவியது. ஊர்மக்கள் கழலைகளைக் கண்டு இதனை அம்மை என்றே அழைத்தனர். அறிவியல்நோக்கிலும் அப்பெயர் பொருந்துகிறது. காரணி அம்மைத் தீநுண்மிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதற்கெனத் தனித் தடுப்பூசி இல்லாத நிலையில் ஆட்டம்மைத் தடுப்பூசியே மாடுகளுக்கு இடப்பட்டது. உறவுடைய இரு தீநுண்மிகளின் புறப்புரதங்கள் ஒத்திருப்பதால், ஒன்றைக் கற்ற உடல் மற்றதையும் ஓரளவு அறிகிறது. மாட்டம்மையால் மனிதரைப் பெரியம்மையிலிருந்து காத்த எட்வர்ட் ஜென்னரின் 1796ஆம் ஆண்டுச் சோதனையும் இதே அடிப்படையில் அமைந்தது.

மாயாற்றுப் பள்ளத்தாக்கு

நீலகிரியிலிருந்து இறங்கி முதுமலை ஓரமாக ஓடிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேரும் மாயாற்றின் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் எஞ்சியிருக்கும் சில இடங்களுள் ஒன்று. வலுவான இரைப்பை அமிலமுடைய பாறுகள் அழுகிய சடலத்தை விரைந்து தின்று தீர்ப்பதால் நோய்ப்பரவலைக் குறைக்கின்றன என்பர். அடைப்பானைப் பொறுத்தவரை இக்கூற்றை அப்படியே ஏற்க இயலாது. பாறு கிழிக்கும்போதும் சடலத்தினுள் காற்று புகத்தான் செய்கிறது. எனினும் மற்ற நோய்ச்சடலங்களை அகற்றுவதில் அவற்றின் பங்கு மறுக்கத்தக்கதன்று. மாட்டுக்கு வலிநீக்கியாக இடப்பட்ட டைக்ளோஃபினாக் சடலத்தின் வழியே பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தமை 2004ஆம் ஆண்டு மெய்ப்பிக்கப்பெற்றது. 2006ஆம் ஆண்டு கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா அம்மருந்தைத் தடைசெய்தது.

அடைப்பான் காட்டையும் விட்டுவைப்பதில்லை. 2021ஆம் ஆண்டு சூலையில் கோவை மாவட்டம் ஆனைகட்டி அருகே பெண் யானை ஒன்று அடைப்பானால் இறந்தது. அத்தகைய சாவு நிகழும்போது சுற்றுப்புற ஊர்களின் கால்நடைகளுக்குத் தடுப்பூசியிடுவதே முதல் நடவடிக்கை. 2022ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றில் மேய்ச்சலைத் தடைசெய்தது. தொற்றைக் காட்டி மேய்ச்சலைக் குறைகூறுவது எளிது. ஆனால் வித்து நிறைந்த நிலத்தில் நோய் எத்திசையிலும் செல்லும். மந்தையை விலக்குவதைவிட மந்தைக்குக் காப்பளிப்பதே நோயெதிர்ப்பியல் நோக்கில் உறுதியான அரண் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளைப் போலக் கிளுவை வேலியால் மந்தைகளைப் பிரித்து மேய்க்கும் முறை, தொண்டை அடைப்பான் போன்ற மந்தைவழி நோய்களைத் தடுக்கலாம்; மண்வழி வரும் அடைப்பானை வேலி தடுக்காது.

சடலத்தை அகற்றும் முறையிலும் பெயர்க்குழப்பம் தொடர்கிறது. ஆழக்குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பது பொதுவழக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி அடைப்பான் சடலத்தை எரிப்பதற்கே முன்னுரிமை தருகிறது. சுண்ணாம்பின் கால்சியம் வித்துகளின் நிலைப்புக்குத் துணைசெய்யக்கூடும் எனவும் எச்சரிக்கிறது. மற்ற நோய்களுக்கு நன்மையான கைப்பழக்கம் இந்நோய்க்கு ஐயத்துக்குரியது.

பெயரிடல் குறித்து

கலைச்சொல்லாக்கத்தில் நாம் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை முன்வைத்து அதற்கு நேர்ச்சொல் தேடுகிறோம். இங்குத் தேவை நேர்மாறானது. 'அடைப்பான்' வாழும் சொல். அதைக் கைவிட்டு 'ஆந்த்ராக்ஸ்' என்பதைத் துண்டறிக்கையில் அச்சிட்டால் பட்டிக்காரர் அதைத் தம் மாட்டோடு தொடர்புபடுத்திக்கொள்ளார். 'தொண்டை அடைப்பான்' என்பதில் அடைமொழி ஏற்கெனவே தன் பணியைச் செய்கிறது. அடைமொழியின்றி நிற்கும் சொல்லே ஐயத்துக்கு இடமளிக்கிறது. அதனைக் 'கருங்குருதி அடைப்பான்' என வழங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. மற்ற மரபுப்பெயர்களைப் போலவே இதுவும் கண்ணுக்குப் புலப்படும் குறியைச் சுட்டுகிறது. அக்குறியோ கத்தியை எடுக்கும் முன் பார்க்க வேண்டிய குறி.

இப்பெயருக்கும் ஒரு குறை உண்டு. அடைப்பானால் இறந்த எல்லா விலங்கிலும் குருதி வெளியே வடிவதில்லை. பெயரை நம்பி, குருதி இல்லை என்பதற்காக ஒருவர் அறுக்கத் துணியலாம். ஆதலின் கால்நடை மருந்தகங்கள் வழங்கும் துண்டறிக்கைகளில் இப்பெயரை அடுத்த வரியிலேயே, குருதி வடியாவிடினும் திடீரென இறந்த மாட்டை மருத்துவர் காதுமடலிலிருந்து குருதித்தடம் எடுத்துப் பார்க்கும்வரை அறுக்கலாகாது என்பதும் இடம்பெற வேண்டும்.